மை கேட்டு வந்தவள்

அரசாங்கம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவதற்கும் ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் அளத்துமேட்டில் தையல்நாயகி ஒருத்திக்குத்தான் இருந்தது. ரேடியோவில் மழை வரும் என்று சொல்லிவிட்டால் போதும், வானத்தை அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டாள். கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி உப்பு அம்பாரத்தை மூடிவிடுவாள். மழை வராமல் போனால், "வரத்தான் கெளம்பியிருக்கும், வழியில யாரு கூப்ட்டாங்களோ" என்று மழையின் மேல் பழியைப் போடுவாளே தவிர, ரேடியோவை யாரும் ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டாள். சொட்டு மருந்து முகாம் என்றால் கதவு திறப்பதற்கு முன்பே பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். தபால்காரர் தெருவுக்குள் சைக்கிளை மிதித்து வந்தால், தனக்கு எந்தக் கடிதமும் இல்லை என்று தெரிந்தும் மோர் கரைத்து நீட்டுவாள். 'அரசாங்கத்துக்கு வாக்கப்பட்டவ' என்று தெருவே கேலி செய்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழியை ஒட்டிய மேட்டில் ஒரே ஒரு தெரு. அதுதான் அளத்துமேடு. தெருவை விட்டு இறங்கினால் பாத்தி பாத்தியாக உப்பு, வெயில் ஏறிவிட்டால் கண்ணைத் திறக்க முடியாது. தையல்நாயகி இங்கே பிறந்தவள் இல்லை. கிளியனூர்ப் பக்கம் மானாவாரிக் குடும்பத்தில் பிறந்து, உப்பளத்தில் மோட்டார் ஓட்டும் சிங்காரத்துக்குக் கழுத்தை நீட்டி வந்தவள். மல்லாட்டைக் கடலை பிடுங்கிய கை உப்பு வாரப் பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விடிவதற்கு முன்பே கையிலும் காலிலும் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டுதான் பாத்தியில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் வெடித்து, வெடித்த இடத்தில் உப்பு ஏறி, சோற்றில் கை வைக்க முடியாது. இந்த வேப்பெண்ணெயைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அவளுடைய நம்பிக்கைக்கெல்லாம் ஆணிவேர் ஒரு அட்டை. வாக்காளர் அட்டை. அதில் இருக்கும் படம் என்னவோ படுமோசம். பாதிக் கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, யாரோ தூக்கத்தில் எழுப்பிக் கொண்டுவந்து உட்கார வைத்த முகம். "போலீஸ் ஸ்டேஷன்ல மாட்டி வெப்பானே, அந்த போட்டோ மாதிரி இருக்குது" என்றான் சிங்காரம். தையல்நாயகி படத்தைப் பார்க்கவே இல்லை. அவள் கண் எழுத்தின் மேல் இருந்தது. ரேஷன் கார்டில் சிங்காரத்தின் பெயருக்குக் கீழேதான் அவள் பெயர். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்பாவின் பெயரைத் தாண்டி, தாத்தாவின் பெயரைத் தாண்டித்தான் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அட்டையில் மட்டும் முதலில் தையல்நாயகி. அதற்குக் கீழேதான், கணவர் பெயர்: சிங்காரம்.

"பாத்துக்க. என்னைத் தேடினாத்தான் நீ கெடைப்ப" என்றாள். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அங்காளம்மன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள்.

சிங்காரம் அவளுக்கு நேர் எதிர். பஸ் டிக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சட்டைப்பையில் போடுவான். கெட்ட மனுஷன் இல்லை. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பான். ஆனால் ஆபீஸிலிருந்து வந்தது என்றால் மட்டும் அவனுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்டவனைத்தான் 2003 உப்பு சீசனில் கரண்ட் பிடித்து எறிந்தது. பாத்தியில் இறங்கி நின்ற ஈரக் கையோடு மோட்டார் கொட்டகை சுவிட்சைத் தட்டப் போயிருக்கிறான். அடுத்த நிமிஷம் வரப்பைத் தாண்டிப் பாத்திக்குள் கிடந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பக்க மீசை மட்டும் நட்டுக்கொண்டு நின்றது என்று தெருவில் சொல்வார்கள், அது கட்டிவிட்ட கதை.

அன்றிலிருந்து சிங்காரம் கரண்ட் விஷயத்தில் தெருவுக்கே வாத்தியார் ஆகிவிட்டான். கையில் வேப்பெண்ணெய் தடவாமல் சுவிட்சைத் தொட மாட்டான். காலுக்குக் கீழே காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் தட்டுவான்.

"டிரான்ஸ்பார்மர்குள்ள எதுக்கு எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கான்? யோசிச்சுப் பாரு. எண்ணெயில கரண்ட் பாயாது. உப்புத் தண்ணியில பாயும். நம்ம ஒடம்பு பூரா உப்புத் தண்ணி. நம்மள மாதிரி ஆளுங்க கரண்ட் சாமான் பக்கமே போவக் கூடாது."

தெரு கேட்டுக்கொண்டது. அடிபட்டவன் சொல்கிறான்.

மறுவருஷம் மே மாதம் பார்லிமெண்ட் தேர்தல் வந்தது. சீட்டில் முத்திரை குத்திய காலம் போய், பட்டனை அமுக்கும் பொட்டி ஏற்கெனவே வந்தாகிவிட்டது. முந்தின தேர்தலில் தெரு ஜனம் மொத்தமும் அந்தப் பொட்டியில்தான் ஓட்டுப் போட்டார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தையல்நாயகி மட்டும் அப்போது மகளின் பிரசவத்துக்காகக் கிளியனூரில் இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகுதானே சிங்காரம் பறந்தான்? இப்போது எல்லோருக்கும் விவரம் தெரிந்துவிட்டது. பட்டன், விளக்கு, சத்தம், எல்லாம் கரண்ட்.

"போன தடவ தொட்டீங்களே, என்ன ஆச்சு?" என்று தையல்நாயகி கேட்டாள்.

பக்கத்து வீட்டு அம்சவள்ளி வைத்திருந்தாள் பதில். "அப்ப நமக்குத் தெரியாதுக்கா. தெரியாம தொட்டா அது ஒண்ணும் பண்ணாது. தெரிஞ்சு தொட்டாத்தான் அடிக்கும்."

தெரு மொத்தமும் தலையை ஆட்டியது. அன்று அளத்துமேட்டிலிருந்து ஓட்டுப் போடக் கிளம்பியவள் தையல்நாயகி ஒருத்திதான். வேலையிலிருந்து நேராக ஓட்டுச்சாவடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், உப்புக் கையோடு. விரலில் மை வைத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் நின்றாள். அரசாங்கத்தின் மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை, அது சத்தியம். ஆனால் பட்டனுக்குப் பக்கத்தில் கை போனதும் புருஷன் வரப்பைத் தாண்டிப் பறந்தது கண் முன்னால் வந்துவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள். "அம்மா, இன்னும் அமுக்கலையா?" என்று உள்ளே இருந்த அதிகாரி கேட்டபோது, அவள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டாள்.

நடந்ததை அவளே தெருவில் சொல்லப்போக, அவளுக்கு 'மைக்காரி' என்று பெயர் வந்தது. மை வாங்குவதற்காகவே போய்விட்டு வந்தவள். கேலியை அவள் சிரித்தே தள்ளிவிட்டாள். ஆனால் நகம் வளர்ந்து மை தேயும்வரை அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டுதான் நடந்தாள். டெல்லியிலிருந்து ஒரு பொட்டி கிளம்பி, ரயிலிலும் லாரியிலும் ஏறி இத்தனை தூரம் வந்து, 'தையல்நாயகி, நீ என்ன நெனைக்கிற?' என்று அவளைக் கேட்டிருக்கிறது. பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ஓடி வந்துவிட்டாள். ஒருநாள் அடுப்படியில் அதை நினைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் கடல் உள்ளே வந்தது. மேட்டுத் தெரு என்பதால் வீடுகள் தப்பித்தன. பாத்திகள் எல்லாம் சேறாகிப் போயின. தண்ணீர் வருகிறது என்று கத்தல் கேட்டதும் சிங்காரம் மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான், தையல்நாயகி பேரப்பிள்ளையையும் வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். பிறகு நிவாரணம் கொடுக்கும் இடத்தில், 'நான்தான் நான்' என்று காட்ட எதுவும் இல்லாமல் எத்தனையோ பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். தையல்நாயகி தூங்குமூஞ்சிப் படத்தை எடுத்து நீட்டினாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் படத்தையும் அவளையும் பார்த்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் பதிந்துகொண்டார். அப்போதே ஒரு முடிவு எடுத்தாள். அடுத்த தேர்தல் வரட்டும், அந்தப் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் மறுவேலை.

2006 மே மாதம் சட்டசபைத் தேர்தல். சேறெல்லாம் வாரிக் கொட்டி, பாத்திகள் மறுபடியும் வெள்ளையாகியிருந்தன. முன்கூட்டியே ஒரு நாள் ஜீப்பில் மாதிரிப் பொட்டியைக் கொண்டுவந்து, தெருமுனையில் வைத்து அமுக்கிக் காட்டினார்கள். கூட்டம் கூடி வேடிக்கை பார்த்தது. ஜீப் போனதும் எல்லோரும் சிங்காரத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அந்த ஆளு காலைப் பாத்தியா? ரப்பர் செருப்பு" என்றான் சிங்காரம். "கையப் பாத்தியா? உப்பே படாத கை. அவன் அமுக்குவான், ஏன் அமுக்க மாட்டான்?"

அத்தோடு தெருவின் முடிவு தெரிந்துவிட்டது. கட்சிக்காரர்கள் வந்து கெஞ்சினார்கள். "பழைய மாதிரி சீட்டு குடுக்கச் சொல்லுங்க, வர்றோம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

தேர்தல் நாள் காலையில் தையல்நாயகி அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, சிங்காரம் வாசலில் குறுக்கே நின்றான். சண்டைக்கு நிற்கிறான் என்று அவள் நினைத்தாள். அவன் கையில் வேப்பெண்ணெய்ப் புட்டி இருந்தது.

"போறதுன்னு முடிவு பண்ணிட்ட. சொன்னா கேக்கப் போறதில்ல. கையக் காட்டு."

முழங்கை வரைக்கும், விரல் இடுக்கு விடாமல், அவனே தடவிவிட்டான். கரண்ட் பாயாமல் இருக்க வேண்டுமே. தனக்காக அவன் இவ்வளவு பயப்படுகிறான் என்று அவளுக்கு அன்றுதான் தெரியும். சிரித்துக்கொண்டே மறு கையையும் நீட்டினாள்.

பாத்தி வரப்பில் நின்ற அம்சவள்ளி கூப்பிட்டாள். "எக்கோவ் மைக்காரி! இந்தத் தடவையாவது அமுக்கிட்டு வா. நீ போட்டுட்டு உசுரோட வந்தா நாங்களும் வர்றோம்!"

"சத்தியமா?"

"சத்தியமா!" என்று பாத்தி முழுக்கக் குரல் வந்தது. அவள் போன தடவை போல ஓடிவந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் செய்த சத்தியம்.

பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. தையல்நாயகி நின்ற இடத்தில் வேப்பெண்ணெய் வாடை தாங்காமல் முன்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே மை வைக்கிற இளைஞர் விரலைப் பிடித்தார், விரல் வழுக்கியது. மறுபடி பிடித்து, கூட்டத்தின் அவசரத்தில் அப்படியே ஒரு கோடு இழுத்தார். கோடு நிற்காமல் முத்து முத்தாக உருண்டு வழிந்தது. வழிந்ததை அவள் கை பழக்கத்தில் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டது. அதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் பொட்டியின் மேல் இருந்தது.

மறைப்புக்குப் பின்னால் போய் நின்றாள். அதே பொட்டி. அதே பட்டன்கள். எண்ணெய்க் கையைத் தூக்கினாள். சிங்காரம் மறுபடியும் வரப்பைத் தாண்டிப் பறக்க ஆரம்பித்தான். இறக்கினாள். "அம்மா, ஆச்சா?" என்று வெளியே குரல் கேட்டது. அவ்வளவுதான், இந்தத் தடவையும் போச்சு என்று நினைத்தாள்.

அப்போது தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் 'கடக் கடக்' என்று தள்ளாடி நின்றது. "கரண்ட் போயிடுச்சுப்பா" என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். தையல்நாயகிக்குச் சட்டென்று மூளை வேலை செய்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் அமுக்கினால் அது யாரை அடிக்கும்? அங்காளம்மா என்று கண்ணை மூடிக்கொண்டு, தான் நினைத்து வைத்திருந்த இடத்தில் ஒரே அமுக்கு.

'பீ...ப்' என்று பொட்டி நீளமாகக் கூவியது. கண்ணைத் திறந்தால் சின்னத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. அவள் மேலே பார்த்தாள். ஃபேன் அசையாமல் நிற்கிறது. பொட்டியைப் பார்த்தாள். அட, இது நம்ம லைன் கரண்ட்டே இல்லை! வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் வெளியே வந்ததைப் பார்த்து, உள்ளே உட்கார்ந்திருந்த எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உப்பளத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "போட்டுட்டேன்!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். "கரண்ட் இல்லாத நேரத்துல பீப்புன்னு கூவுச்சு! அதுல கரண்டே கெடயாது!"

எல்லோரும் கூடிவிட்டார்கள். சிங்காரம் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தான். "கரண்ட் எப்ப போச்சு?"

"நான் உள்ள நிக்கும்போதுதான். ஃபேன் நின்னுடுச்சு."

சிங்காரம் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தான். பள்ளிக்கூடத்துக்கும் உப்பளத்துக்கும் ஒரே லைன். சற்று முன்புதான் அவனுடைய மோட்டாரும் நின்றிருந்தது. இன்னும் வரவில்லை, நின்றபடிதான் இருக்கிறது. நின்ற மோட்டாரைத் திட்டிக்கொண்டுதான் அவன் உட்கார்ந்திருந்தான்.

"கரண்ட் இல்லாம மோட்டார் ஓடுமா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"ஓடாது."

"அது ஓடுச்சு. வெளக்கு எரிஞ்சுது. அப்ப அதுக்குள்ள வேற என்னமோ இருக்குது. என்ன இருக்கும், நீயே சொல்லு. நீதான கரண்ட்டு வாத்தியாரு?"

சிங்காரம் மீசையைத் தடவினான். சொல்ல அவனுக்கு இஷ்டமே இல்லை. ஆனாலும் தொழில் தெரிந்தவன். "பேட்டரியாத்தான் இருக்கணும். டார்ச் லைட்டு மாதிரி" என்றான் மெதுவாக.

"டார்ச் லைட்டு இதுவரைக்கும் யாரையாவது தூக்கி எறிஞ்சிருக்குதா?"

பாத்தியில் ஒரே சிரிப்பு. சிங்காரம் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "அதெல்லாம் இருக்கட்டும். ஓட்டு போட்டேன்னா மை எங்க? கையக் காட்டு."

தையல்நாயகி கம்பீரமாக விரலை நீட்டினாள். விரல் எண்ணெயில் பளபளவென்று மின்னியது. மை இல்லை. திருப்பிப் பார்த்தாள். அடுத்த விரலைப் பார்த்தாள். இன்னொரு கையையும் பார்த்தாள்.

அம்சவள்ளிதான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துத் தூக்கினாள். அங்கே இருந்தது மை, வெயில் பட்டுக் கறுத்து. "அய்யய்யோ! ஓட்டு போட்டது சேல! அக்கா வெளிய நின்னுட்டு வந்திருக்குது!"

உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையல்நாயகிக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது, உண்மையான கோபம். ரெண்டு வருஷம் காத்திருந்து போட்ட ஓட்டு.

"சிரிங்கடி. அன்னிக்கு மை இருந்துச்சு, ஓட்டு இல்ல. வெளியூர்ல மையப் பாத்தவங்க எல்லாம் நான் ஓட்டு போட்டவன்னு நம்புனாங்க. இன்னிக்கு ஓட்டு போட்டிருக்கேன், மை இல்ல. நம்ப மாட்டேங்கிறீங்க. போறேன். என் மைய வாங்கிக்கினுதான் வருவேன்."

வந்த வழியே திரும்பி நடந்தாள். சிங்காரம் ஒரு கணம் நின்றான். பிறகு, பழக்கதோஷத்தில் தன் மோட்டார் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். வேடிக்கை பார்க்கத் தெருவே எழுந்து அவன் பின்னால் போனது.

பள்ளிக்கூட வாசலில் போலீஸ்காரர் மறித்தார். "ஓட்டு போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சுங்க."

"அப்புறம் எதுக்கு உள்ள போறீங்க?"

"மை வாங்கணும்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவர் யோசிப்பதற்குள் தையல்நாயகி உள்ளே போய்விட்டாள். ஏஜெண்டுகள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். காலையிலிருந்து ஒன்றுக்கும் ஒத்துப்போகாத ரெண்டு கட்சியும் அப்போது ஒரே குரலில் கத்தியது. "சார், இந்தம்மா காலையிலயே போட்டுட்டாங்க! ரெண்டாவது ஓட்டு போட வந்திருக்காங்க! விரல்ல மை இல்ல பாருங்க, அழிச்சுட்டாங்க! எண்ணெய் தடவியிருக்காங்க சார்!"

தையல்நாயகி எண்ணெய்க் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். கள்ள ஓட்டு என்றால் ஜெயில் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். வாழ்நாள் பூராவும் அரசாங்கத்தை நம்பியவளை அரசாங்கமே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப் போகிறது, அதையும் சிங்காரம் வாசலில் நின்று பார்க்கப் போகிறான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பெரிய மேஜையில் இருந்த தலைமை அதிகாரி எழுந்து வந்தார். கஸ்பார் என்று பெயர், திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "என்னம்மா வேணும்?" என்றார்.

"ஓட்டு வேணாம் சார். ஒரு ஓட்டுதான் எனக்கு, அதைப் போட்டுட்டேன். மை குடுங்க. நீங்க வெச்ச மை என் சேலையில இருக்குது, விரல்ல இல்ல."

தலைப்பைத் தூக்கிக் காட்டினாள். கையில் ஏன் எண்ணெய் என்பதையும், உப்பளத்து வழக்கத்தையும், சிங்காரம் பறந்ததையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவர் தலைப்பைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். மை வைக்கிற இளைஞரைப் பார்த்தார். அந்தப் பையன் மேஜைக்கு அடியில் கிடந்த பழந்துணியை மெல்லக் காலால் இன்னும் உள்ளே தள்ளினான். எண்ணெய்ப் பசை இருந்தால் துடைத்துவிட்டுத்தான் மை வைக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த துணி அது.

கஸ்பார் குனிந்து அந்தத் துணியை எடுத்தார்.

"ரெண்டாவது தடவ ஓட்டு கேட்டு வந்தவங்கள பாத்திருக்கேன்மா. மை கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார். பிறகு ஏஜெண்டுகள் பக்கம் திரும்பினார். "ஓட்டு போட்ட விரல்ல மை இருக்கணும். இல்லன்னா தப்பு இந்தம்மா மேல இல்ல. துடைச்சு வெச்சிருக்கணும், வெக்கல. தப்பு எங்களோடது."

அவள் கையைப் பிடித்து, எண்ணெய் போக அவரே அழுத்தித் துடைத்தார். நகத்தின் மேலிருந்து விரலின் முதல் கணு வரைக்கும் ஒரு கோடு இழுத்தார். காயும் வரை விடவில்லை.

தப்பு எங்களோடது. தையல்நாயகி எத்தனையோ ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறாள். மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. அவள் நம்பியது வீண் போகவில்லை என்று அவளுக்குக் கண் நிறைந்தது. இந்தத் தடவை பழி போடப் பக்கத்தில் வெங்காயம்கூட இல்லை.

வாசலில் நின்ற சிங்காரமும் அதைக் கேட்டுவிட்டான். கக்கத்துப் பலகையோடு மேஜைப் பக்கம் வந்தான்.

"சார், என் பேரு லிஸ்டுல இருக்குதான்னு பாருங்க. சிங்காரம். இந்தம்மா பேருக்குப் பக்கத்துல இருக்கும்."

இருந்தது. வெளியே குழாயடியில் சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவிவிட்டு வந்தான். மை வைத்தார்கள், அழகாக ஒட்டிக்கொண்டது. மறைப்புக்குப் போகும் முன் தயங்கி நின்றான்.

"பேட்டரிதான், தெரியும் சார். இருந்தாலும் இந்தப் பலகை மேல நின்னு போட்டுக்கறனே."

கஸ்பார் ஏஜெண்டுகளைப் பார்த்தார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் கட்சிச் சின்னம் எதுவும் இல்லை. "நின்னுக்குங்க" என்றார். உள்ளே பீப் சத்தம் கேட்டது, கூடவே சிங்காரம் "அம்மாடி" என்றதும் கேட்டது. வெளியே வந்தவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சத்தியம் செய்தவர்கள் தப்பிக்க வழியில்லாமல் வரிசையில் நின்றார்கள். குழாயடியில் சோப்புக்குச் சண்டை நடந்தது. அம்சவள்ளி உள்ளே போனதும் முதலில் கேட்டாள், "பலகைய எடுத்துட்டீங்களா? போடுங்க, போடுங்க." அன்று சாயங்காலம் வரை அந்தப் பலகை அங்கேயே கிடந்தது. அளத்துமேடு மொத்தமும் அதன் மேல் ஏறி நின்றுதான் ஓட்டுப் போட்டது.

திரும்பி நடக்கும்போது சிங்காரம் காதருகே வந்து கேட்டான். "யாருக்குப் போட்ட?"

"அது எனக்கும் பொட்டிக்கும் இருக்கிற விஷயம்" என்றாள் தையல்நாயகி.

மறுநாள் விடிவதற்கு முன், பாத்திக்குக் கிளம்ப எண்ணெய்ப் புட்டியை எடுத்தாள். இடது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள், புட்டியை வைத்துவிட்டாள். எண்ணெய் பட்டால் மை போய்விடுமோ என்று பயம். எண்ணெய் இல்லாமல் இறங்கினால் உப்பு அந்த விரலைத் தின்றுவிடும், அதுவும் தெரியும். யோசித்துக்கொண்டு நின்றவளின் கையிலிருந்து சிங்காரம் புட்டியை வாங்கினான். "காயாத மைதான்டி எண்ணெயில போவும், காஞ்சது போவாது" என்றான். அவள் நம்பவில்லை. நேற்றுவரை தான் சொன்னதை எல்லாம் அவன் நம்பாமல் இருந்தது போல, இன்று அவள் கையை நீட்டாமல் நின்றாள்.

சிங்காரம் சிரித்துக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்தான். ஒரு துணிக் கிழிசலை எடுத்து, மை வைத்த விரலில் மட்டும் பொறுமையாகச் சுற்றிக் கட்டினான். பிறகு மற்ற விரல்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணெய் தடவ ஆரம்பித்தான்.